இரண்டாவது சுற்று

ஆட்டம் முடிய நாற்பத்தொரு விநாடி இருந்தபோது எங்கள் கோச் இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்த்துத் தாழ்த்திக் காட்டினார். இருபத்துநாலுக்கு இருபத்துநாலு. பந்து எங்களிடம். கேட்டால் கிடைக்கிற இடைவேளை இன்னும் இரண்டு மிச்சம். பந்தை வாங்கிய பையன் ஓடவும் இல்லை, எறியவும் இல்லை. புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி அப்படியே இருந்துவிட்டான். கடிகாரம் தானாக ஓடித் தீர்ந்தது. இனிக் கூடுதல் சுற்று. மைதானத்தில் பாதிப்பேர் எழுந்து நின்று கோச்சின் தாயைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்து இருக்கையில் நோரீன் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து இறக்கி, "கோழை" என்றாள். கத்தவில்லை. கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"சொந்த ஊர்ல ஆடறோம். நீட்டினா நமக்குத்தான் நல்லது" என்றேன்.

"நீட்டி நீட்டி என்ன பண்ணப் போற, கோச்?"

அவள் என்னைத்தான் கோச் என்று கூப்பிடுவாள். கீழே நிற்கிற, சம்பளம் வாங்குகிற கோச்சுக்கு அவளிடம் வேறு பெயர்கள் உண்டு.

நான் அந்த மனிதரின் பக்கம் என்பதை மறைக்கவில்லை. ஒன்பது வருடமாக அவர் எங்கள் கல்லூரி அணியை நடத்துகிறார். பெரிதாக எதையும் ஜெயிக்கவில்லை. ஆனால் இன்னது செய்வார், இன்னது செய்யமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒன்று. அது ஏறக்குறைய நிச்சயம். உதைக்காமல், மூன்று கஜ தூரத்திலிருந்து மறுபடி உள்ளே நுழைந்து காட்டினால் இரண்டு. அது பூவா தலையா. கூடுதல் சுற்றில் ஒரு புள்ளி பின்தங்கி நின்று, உதைத்துச் சமன் செய்வதா, இரண்டுக்குப் போய் அங்கேயே முடிப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய நிலை இந்த ஒன்பது வருடத்தில் நான்கு முறை வந்தது. நான்கு முறையும் உதைக்கிற பையனைத்தான் அனுப்பினார். இதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. மனதில் இருக்கிறது. என் மனதில் வேறு அதிகம் இல்லை.

சோள ஆலையில் இரவு ஷிப்டு எனக்கு. பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருவேன். ஓர் அறை, பன்னிரண்டு அளவுமானி, ஒரு நாற்காலி. முள் சிவப்பைத் தொட்டால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலும் தொடாது. இதே கல்லூரியில் இரண்டாம் வருடம் பாதியில் படிப்பை விட்டேன். காரணம் சொல்லும் அளவுக்குப் பெரியதில்லை. வகுப்புக்குப் போகாமல் இருந்தேன், யாரும் தேடவில்லை, அப்புறம் போகவே முடியவில்லை. கூடுதல் சுற்று விதியை மாற்றியபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் விதிக் குழுவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். பழைய விதியில் இரண்டு அணிக்கும் இருபத்தைந்து கஜத்திலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. சமமானால் இன்னொரு சுற்று. கடிகாரமே கிடையாது. ஒருவன் தவறும்வரை போய்க்கொண்டே இருக்கும். இப்போது இரண்டாவது சுற்றில் உதைக்கக் கூடாது. மூன்றாவதிலிருந்து ஆளுக்கு ஒரே ஒரு முயற்சி, மூன்று கஜத்திலிருந்து. மூன்று மணி நேரம் மண்ணில் புரண்டவர்களைச் சீட்டுக் குலுக்கி வீட்டுக்கு அனுப்புவதற்கு இது சமம் என்று எழுதினேன். பதில் வரவில்லை. எதிர்பார்த்தது என் தப்பு.

நோரீனுக்குப் புதிய விதி பிடிக்கும். "பசங்க முட்டி என்னத்துக்கு ஆகும்? யாராவது முடிச்சு வைக்கணும்ல" என்பாள். இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினவள். நேரத்துக்கு முடியாத எதன்மேலும் அவளுக்கு மரியாதை கிடையாது.

நான் உட்காருகிற இருக்கை அவளுடைய கணவனுடையது. விவாகரத்தில் வீடு அவளுக்கு, படகு அவனுக்கு, மைதானத்தில் சேர்ந்திருந்த இரண்டு இருக்கைகள் ஆளுக்கொன்று என்று தீர்ப்பானது. எங்கள் ஊரில் இதைக் கேட்டு நீதிபதி சிரிக்கமாட்டார். அவன் அவளைக் கடுப்பேற்றுவதற்காகவே தன் இருக்கையை யாரோ ஒருவனுக்கு விற்றான். அந்த யாரோ நான். முதல் வருடம் முழுக்க அவள் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. நான் மூச்சு விடுவதுகூட அவனுடைய ஏற்பாடு என்று நினைத்திருப்பாள். இரண்டாம் வருடம் ஓர் ஆட்டம் ஐந்து சுற்று போனது. பழைய விதி அப்போது. நான்காவது சுற்றில், மைதானத்தில் கால்வாசிப்பேர் கிளம்பிப் போனபின், அவள் திரும்பாமலே கேட்டாள்: "இப்ப ஓடுவானா, எறிவானா?" எறிவான் என்றேன். எறிந்தான். அன்றிலிருந்து பேசுகிறோம்.

பதினோரு வருடம். வருடத்துக்கு ஆறு சனிக்கிழமை, சில வருடம் ஏழு. சொந்த ஊரில் ஆடுகிற நாட்களில் மட்டும். அவள் குடும்பப் பெயர் எனக்குத் தெரியாது. என் குடும்பப் பெயரை அவள் கேட்டதில்லை. மைதானத்துக்கு வெளியே ஒருமுறை சாமான் கடையில் பார்த்தேன். தொலைநோக்கி இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருந்தாள். முட்டை அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆட்டத்தின் நடுவே ஆட்டத்தைத் தவிர வேறு பேசுவதில்லை என்பது நாங்கள் வைத்துக்கொள்ளாமலே வந்துவிட்ட வழக்கம். அதனால்தான் அன்று மூன்றாம் கால்பகுதியில், விளம்பரத்துக்காக ஆட்டத்தை நிறுத்தியிருந்தபோது, அவள் வேறு பேசியது எனக்குச் சட்டென்று காதில் ஏறவில்லை.

"அடுத்த வருஷம் நான் இல்ல. டூசான்ல பொண்ணு வீட்டுக்குப் போறேன். சீட்டப் புதுப்பிக்கச் சொல்லி காலேஜ்லேர்ந்து லெட்டர் போட்டிருந்தான், கிழிச்சுட்டேன். வீட்ட வித்தாச்சு. வியாழக்கிழமை சாமான் ஏத்த வண்டி வருது."

நான் சொன்னது இது: "அங்கயும் ஒரு காலேஜ் டீம் இருக்கு. தடுப்பாட்டம்தான் சுமார்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தொலைநோக்கியை எடுத்துக்கொண்டாள். பின் வரிசை டுவெய்ன் குனிந்து, "என்ன, புருஷன் பொண்டாட்டி சண்டையா?" என்றான். இந்தப் பகடியைப் பத்து வருடமாகச் சொல்கிறான். வழக்கமாக நோரீன் அவன் வயிற்றைப் பற்றியோ அவன் வண்டியைப் பற்றியோ திருப்பி ஏதாவது கொடுப்பாள். அன்று கொடுக்கவில்லை. அவனும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

நாலாம் கால்பகுதி முழுக்க நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஏறவில்லை. அவளிடம் தொலைபேசி எண் கேட்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. வாங்கி என்ன செய்வேன் என்று தெரியவில்லை. யாரையும் கூப்பிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பகலில் தூங்குகிறவனை யாரும் கூப்பிடுவதும் இல்லை. ஆனால் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரிந்தது. செப்டம்பரில் அந்த இருக்கையில் ஒருவன் வந்து உட்கார்ந்து சீஸ் வழிய எதையாவது தின்பான். வாரத்தில் ஏழு நாளும் நான் பேசுகிற சொற்களை எண்ணினால், ஆலை வாசலில் காவலாளியிடம் சொல்வது இரண்டு, பெட்ரோல் நிலையத்துப் பெண்ணிடம் மூன்று. மிச்சம் எல்லாம் இவளிடம்தான், வருடத்துக்கு ஆறு நாளில்.

ஆகவே கோச் மண்டியிடச் சொன்னபோது என்னைப்போல் சந்தோஷப்பட்டவன் அந்த மைதானத்தில் இல்லை.

நாணயம் சுண்டினார்கள். ஜெயித்தது நாங்கள். எல்லோரும் செய்வதைப்போல முதலில் தடுக்கிறோம் என்று சொன்னோம். எதிராளி எவ்வளவு எடுக்கிறான் என்று தெரிந்துகொண்டு ஆடலாம் என்பது கணக்கு. இரண்டு அணிக்கும் ஒரே முனையில்தான் ஆட்டம். அது எங்களுக்கு எதிர்முனையாகப் போனது. இருக்கைமேல் ஏறி நின்றோம். நோரீன் முட்டி வலியோடு ஏறினாள். நான் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டு ஏறியதும் விட்டுவிட்டாள். விளக்குகள் போட்டுவிட்டார்கள். நவம்பர் கடைசிக் குளிரில் எல்லோர் வாயிலிருந்தும் புகை வந்தது.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த எதிரணி ஐந்தே முயற்சியில் கோட்டைத் தாண்டியது. உதைத்தார்கள். ஏழு புள்ளி முன்னால்.

என் திட்டம் எளிது. நாங்களும் கோட்டைத் தாண்டினால் கோச் உதைக்கச் சொல்வார். சமம். முதல் சுற்றுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டு நிமிடம் விடுவார்கள். அந்த நேரத்தில் ஆட்டம் இல்லை, ஆகவே வழக்கம் மீறியதாகாது. அப்போது கேட்டுவிடலாம். சொல்ல வேண்டியதை மூன்று சொல்லாகக் குறைத்து வைத்துக்கொண்டேன். நாங்கள் கோட்டைத் தாண்டுவோமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர் உதைப்பாரா என்பதில் துளியும் இல்லை. என் வயதில் ஒருவன் ஏதாவது ஒன்றை நிச்சயம் என்று பிடித்துக்கொண்டிருப்பான். பைபிள், பென்ஷன், இப்படி ஏதாவது. எனக்கு அந்த மனிதர்.

இரண்டு முறை தடுத்தார்கள். மூன்றாவது முறை எறிந்த பந்து ஒருவன் விரலில் பட்டு எகிறியது. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், நான்காவதுதான் கடைசி வாய்ப்பு. பந்தை வாங்கியவன் மூன்று பேரைச் சுமந்துகொண்டு நான்கு கஜம் போனான், தேவைப்பட்டது மூன்றரை. அதற்கு அடுத்த முயற்சியிலேயே மூலையில் எங்கள் ஆள் ஒருவன் தனியாக நின்றான். பந்து அவனிடம் போய் இறங்கியது. ஆறு புள்ளி. டுவெய்ன் பின்னாலிருந்து என் தோளில் குத்தினான். நான் நோரீனைப் பார்த்தேன். மூன்று சொல்லும் தயாராக இருந்தது.

அவள் தொலைநோக்கியை இறக்கவில்லை. என் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"உதைக்கிறவன் வரல" என்றாள்.

"வருவான். பொறுங்க."

"வரலடா. பாரு. அதே பசங்கதான் நிக்கறாங்க."

நான் கோச்சைப் பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் உதைக்கிற பையன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கோச் இரண்டு விரலைத் தூக்கினார். அரங்கம் முழுக்க ஒரு மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டது. ஒன்பது வருடம். நான்கு முறை. யாரோ அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவரே விடியற்காலையில் விழித்துக்கொண்டு எதையோ யோசித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாத ஒரு மனிதரை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வேண்டாம் என்று கத்தினேன். எனக்கு முன்னால் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது.

பந்தை வாங்கியவன் வலப்பக்கம் இரண்டடி ஓடினான். அக்கரைப் பையன்கள் எல்லோரும் வலப்பக்கம் சாய்ந்தார்கள். அவன் திரும்பாமல், பார்க்காமல், இடப்பக்கம் எறிந்தான். அங்கே எங்கள் ஆள் ஒருவன் பேருந்துக்குக் காத்திருப்பவனைப்போல் நின்றிருந்தான். பந்து நெஞ்சில் விழுந்தது, கட்டிக்கொண்டான். அவ்வளவுதான். முப்பத்திரண்டு, முப்பத்தொன்று.

நோரீன் என்னைக் கட்டிப்பிடித்தாள். இருவரும் இருக்கைமேல் நின்றிருந்ததால் விழப்போனோம், டுவெய்ன் முதுகைத் தாங்கினான். "பாத்தியா கோச்? அந்தாளுக்கே தைரியம் வந்துடுச்சு" என்றாள் என் காதுக்குள். அவள் கன்னம் சில்லென்று இருந்தது.

"ரெண்டாவது சுத்து இருக்கும்னு நெனச்சேன்" என்றேன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

கீழே மாணவர்கள் கம்பி வேலியைத் தாண்டிப் புல்லுக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். காவலர்கள் சும்மா நின்றார்கள். நோரீன் இருக்கையிலிருந்து இறங்கினாள். "இருபத்தாறு வருஷம் இங்க உக்காந்திருக்கேன், ஒரு தரம்கூட அந்தப் புல்ல மிதிச்சதில்ல. நான் போறேன். வர்றியா?"

வருகிறேன் என்றுதான் சொன்னேன். சொல்வதற்கு ஒரு மூச்சு பிடித்தது. அதற்குள் மேல் வரிசைப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் எங்களுக்கு நடுவே படியில் இறங்கினார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும். அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, அவர்களோடு போய்விட்டாள். நான் இறங்கப் பார்த்தேன். பத்து வரிசை இறங்கியதும் படி அடைத்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பி ஏறவும் முடியவில்லை.

அங்கிருந்து அவள் தெரிந்தாள். நாற்பது கஜக் கோட்டுக்குப் பக்கத்தில், கூட்டம் சற்றுக் குறைந்த இடத்தில், தனியாக நின்றாள். குனிந்து புல்லைக் கையால் தொட்டாள். பிறகு நிமிர்ந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, விளக்கு வெளிச்சத்துக்குப் புருவத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் கையைத் தூக்கி ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து வாத்தியக் குழு கல்லூரிப் பாட்டை ஆரம்பித்தது. ஜெயித்தால் அதைக் கைகளை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டே பாட வேண்டும். என் வரிசையில், மேல் வரிசையில், கீழ் வரிசையில், அந்தப் பக்கம் முழுக்கக் கைகள் எழுந்தன. என் கை அதில் ஒன்று.

அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக, தலையை மெல்லத் திருப்பியபடி. எங்கள் பழைய வரிசையைத் தாண்டி அவள் பார்வை கீழே வந்துகொண்டிருந்தது. எல்லோரும் பாடினார்கள். நான் இரண்டு கைகளையும் கீழே இறக்கி, உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றேன்.