மாதம் முன்னால், நாள் பின்னால்

எதிர் வீட்டு மாடியிலிருந்து கம்ப்யூட்டர்காரன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கியபோது காலை பதினொன்று. மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே சாயம் போன அரைக்கால் சட்டை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். கேமராவில் இடுப்புக்குக் கீழே தெரியாது என்று அப்படி ஒரு சிக்கனம். கையில் திறந்தபடியே லேப்டாப். நான் வாசலில் மூன்று துணிகளை முக்கால் மணி நேரமாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டால் துணி சரியாகக் காயாது.

அவன் நேராகக் கீழ் வீட்டுத் தையல்காரியின் கதவைத் தட்டினான்.

தையல்காரி கதை இந்தத் தெருவில் எனக்குத்தான் முழுசாகத் தெரியும். அவள் இடது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியவன் அவள் புருஷன். தடுக்க வந்த தம்பிக்கு ஒரு கண் போயிற்று. அந்த வழக்கில்தான் அவன் உள்ளே இருந்தான். அவள் இந்தத் தெருவுக்குக் குடிவந்தது அதற்குப் பிறகு, அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. உள்ளே இருப்பவர் என்று வெளியே வருவார் என்று பார்க்க ஓர் இணையப் பக்கம் உண்டு. கைதி எண்ணைப் போட்டால் தேதி வரும். அவளுக்கு 04/11 என்று வந்தது. நவம்பர் நாலு. மே மாதம் மகளுக்குப் பரீட்சை முடிகிறது, மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் வேறு ஊர் என்பது அவள் திட்டம். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நானும் நாலைந்து பேரிடம் மட்டும்தான் சொன்னேன். அதில் கம்ப்யூட்டர்காரனும் ஒருவன். அந்தப் பக்கத்தைச் செய்ததே தன் கம்பெனிதான் என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு சொல்கூட என் காதுக்கு எட்டவில்லை. திறந்த கதவு வழியாக இரண்டு தலைகளும் ஒரே திரைமேல் குனிந்திருப்பதும், அவள் சட்டென்று அவன் கையைப் பிடிப்பதும்தான் தெரிந்தன. எனக்கு அது போதுமானதாக இருந்தது. உள்ளே பேசியதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

"அக்கா, அது நவம்பர் இல்ல. மாசத்த முன்னாடி போட்டுத் தொலைச்சிட்டேன். நாலாம் மாசம், பதினொண்ணு."

"இன்னைக்கா?"

"காலைல ஒன்பது மணிக்கே விட்டிருப்பாங்க."

அந்த இணையப் பக்கத்தைச் சரிபார்க்கும்போதெல்லாம் அவன் தன் கல்யாண நாளையே போட்டுப் பார்ப்பானாம். அது இருபத்தெட்டாம் தேதி. இருபத்தெட்டாவது மாதம் என்று ஒன்று கிடையாது, அதனால் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் யாருக்கும் புரிந்துவிடும். பன்னிரண்டுக்குள் இருக்கும் நாள்தான் சத்தமில்லாமல் மாதமாகிவிடுகிறது. அன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒருத்தி புகார் அனுப்பியிருந்தாள்: 'அக்டோபர் என்று காட்டினீர்கள், அவன் நேற்றே வந்துவிட்டான்.' அதைப் படித்தவன் சரிசெய்யக்கூட நிற்காமல் ஓடி வந்திருக்கிறான்.

இதெல்லாம் தெரியாத என் முன்னால் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பையோடு ஒருவன் வந்து நின்றான். பையில் ஒரு பெல்ட், ஒரு பழைய போன்.

"அக்கா, யூனிஃபார்ம் தைக்கிற வீடு எது?"

வழி கேட்டவர்களுக்கு வழியை மட்டும் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. "அந்தா, தொறந்திருக்கே, அதான். இப்பப் போகாதீங்க, மேல் வீட்டுப் பையன் உள்ள இருக்கான்" என்று சொல்லி ஒரு சிரிப்பும் சிரித்துவைத்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனிடம் அப்படிச் சொன்னதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருப்பது எனக்கே அதிசயம்.

அவன் தையல்காரி வாசலில் போய் நின்று கம்ப்யூட்டர்காரனின் அரைக்கால் சட்டையை மேலும் கீழும் பார்த்தான். டைல்ஸ் சத்தம் அப்போது பார்த்து நின்றது.

"காத்தோட்டமா இருக்கா மாப்ள?"

மேசைமேல் சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை வயரோடு பிடுங்கிக் கம்ப்யூட்டர்காரனின் வாயில் அடித்தான். நீலத் துணிமேல் இரண்டு பல் விழுந்தது. அடுத்த அடிக்குத் தோளில் ஏதோ முறிகிற சத்தம் தெருவரை கேட்டது. பிறகு அவளைக் கூந்தலோடு இழுத்து, முகத்தை மேசையில் அழுத்தி, பெட்டியைப் பிடரியில் வைத்தான். மயிர் கருகும் நாற்றம் வந்தது. "நவம்பர்னு நெனச்சியா?" என்று திரையைப் பார்த்தபடி காதருகே கேட்டான். அதில் அவன் பெயரும் அந்த எண்களும் அப்படியே இருந்தன. அவளுடைய சப்பிப்போன இடது கை துணிக் குவியலுக்குள் துழாவிப் பெரிய கத்தரிக்கோலை எடுத்தது. அவன் தொடையில் பிடிவரை இறக்கினாள். உருவி, இன்னொரு முறை இறக்கினாள்.

அவன் சரிந்த நேரத்தில் கம்ப்யூட்டர்காரனைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அவன் லேப்டாப்பை விடவில்லை. கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டபோது நான் தெருவைத் தாண்டி வந்திருந்தேன். ஏன் வந்தேன் என்று தெரியவில்லை. பார்க்கத்தான் வந்திருப்பேன்.

"அக்கா, பொண்ணு பள்ளிக்கூடத்துல இருக்கா. கதவக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க."

பால் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவள்போலச் சொன்னாள். பிடரித் தோல் உரிந்து தொங்க, கத்தரிக்கோலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடினாள்.

போலீசுக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷமாகும் என்றார்கள். உள்ளே புருஷன் ஒற்றைக் காலால் கதவை உதைக்க ஆரம்பித்தான். கம்ப்யூட்டர்காரன் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, நல்ல கையால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி, இப்பவாடா வேலை?"

"நாப்பத்தோரு கைதிங்க தேதி தப்பா காட்டுது ஆன்ட்டி." வாயிலிருந்து ரத்தம் சொல்லோடு சேர்ந்து வந்தது. "அதுல பதினோரு பேர் நாளைக்கு வெளிய வர்றாங்க. மாசத்த எழுத்துலயே போட்டுட்டேன். அந்தப் பக்கத்துல ஏத்தணும். அவ்ளோதான்."

திரையில் பச்சைக் கோடு ஒன்று வலப்பக்கமாக ஊர்ந்தது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகையும் கதவில் வைத்தேன். ஒவ்வோர் உதையும் பலகை வழியாக வந்து விலா எலும்பைத் தொட்டது. தாழ்ப்பாளிலிருந்து ஒரு திருகாணி கழன்று என் மடியில் விழுந்தது. கம்ப்யூட்டர்காரன் இருமினான், திரை முழுவதும் சிவந்தது. கோடு எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க, வெள்ளைச் சட்டையின் கையால் அவன் அதைத் துடைத்தான்.