கட்டெறும்புக்கு எந்த மோட்டார்

சாப்பாட்டு மேசையில் இரண்டு ஜோடி மோட்டார்கள் கிடந்தன. ஒரு ஜோடி ஒல்லியாக, பளபளவென்று. இன்னொன்று பல்சக்கரப் பெட்டியோடு குட்டையாக, கொழுக்மொழுக்கென்று. தையல்காரி குட்டையானதைக் கையில் எடுத்ததுமே கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். செல்போன் பழுது பார்ப்பவன்; வீட்டில் மின்சாரம் ஓடும் எதுவானாலும் அவன் சொல்வதுதான் சட்டம்.

"ஐயோ அண்ணி, அது சுத்த ஆமை. நிமிஷத்துக்கு முன்னூறு சுத்துதான். இது ஆயிரம்! பட்டியலப் பாருங்க."

பட்டியலாம் பட்டியல்! அதை நம்பித்தான் மூன்று முறை மண்ணைக் கவ்வியாயிற்று. அவள் கட்டிய சண்டை ரோபோவுக்குக் கட்டெறும்பு என்று பெயர். செருப்புப் பெட்டி அளவு, இரண்டு சக்கரம், முன்னால் சரிவாக ஒரு இரும்புத் தகடு. ரிமோட்டால் ஓட்டி, எதிராளியின் வண்டியைக் கண்ணாடிக் கூண்டின் ஓரத்துப் பள்ளத்தில் தள்ள வேண்டும். மூன்று போட்டியிலும் கட்டெறும்பு அம்பாகப் பாய்ந்தது, முட்டியது, முட்டிய இடத்திலேயே நின்று முனகியது. அப்புறம் அதைக் குப்பையைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டார்கள். தொடர்ந்து நான்கு முறை தோற்றால் போட்டி நடத்தும் ரோபோ சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இன்று மதியம் நான்காவது.

"வேடிக்கை பாக்க எப்ப வேணாலும் வாங்கம்மா" என்று சங்கச் செயலாளர் போன வாரமே தேன் தடவிப் பேசியிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை இந்தப் பெட்டிக்குள் கொட்டியவளுக்கு வேடிக்கை பார்க்கிற இடமா?

பதினாறு வருடமாக ஜீன்ஸ் தொழிற்சாலையில் இடுப்புப் பட்டி தைக்கிறவள் அவள். ஒற்றைத் துணியில் எந்த மெஷினும் பறக்கும். பட்டியும் மடிப்பும் சேர்ந்து எட்டு அடுக்காகும் இடம் ஒன்று வரும். அங்கேதான் மெஷினின் வண்டவாளம் தெரியும். புதிதாக வந்த வேக மெஷின்கள் அந்த இடத்தில் 'ம்ம்ம்' என்று நின்றுவிட, பெண்கள் கையால் சக்கரத்தைச் சுற்றித் தாண்ட வைப்பார்கள். தினமும் பார்க்கிற கூத்துதான். அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்து கொழுந்தன் எண்களை வாசிக்கும்போது பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருக்கிறாள், மூன்று முறை! அந்த ஆயிரமும் முன்னூறும் மோட்டார் காற்றில் சும்மா சுற்றும் கணக்கு என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. தன்மீதே கோபம் வந்தது.

"ரெண்டையும் பேட்டரில மாட்டு தம்பி."

ஜீன்ஸ் துண்டு ஒன்றை எடுத்து, ஒல்லி மோட்டாரின் சுழலும் அச்சைப் பிடித்தாள். முனகல், நிறுத்தம், சூடு. குட்டை மோட்டாரைப் பிடித்தாள். அது துணியைச் சுருட்டி, விரலை நெரித்து, மணிக்கட்டையே திருகிவிட்டது. வலியில் "ஸ்ஸ்" என்றவள் அடுத்த நொடி சிரித்துவிட்டாள்.

"இப்ப சொல்லு, எது ஆமை?"

"அது சரி அண்ணி, இத வெச்சு ஓடிப் பிடிக்க முடியாதே."

"நான் எதுக்கு ஓடணும்? அவன் வரட்டும்."

"தோத்துட்டா?"

"என் புத்தியில தோத்தேன்னு இருக்கட்டும். உன் பேச்சக் கேட்டுத் தோத்ததுதான்டா வயிறு எரியுது."

அவன் திருப்புளியை எடுத்து நீட்டினான்.

மதியம் கூண்டுக்குள் கட்டெறும்பு ஊர்ந்து போய் நின்றதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. "என்னம்மா, ஊர்வலமா?" என்றார் செயலாளர். மணி அடித்தது. போன வருடம் ஜெயித்த சிவப்பு வண்டி பாய்ந்து வந்து மோதியதில் கண்ணாடி அதிர்ந்தது. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். கட்டெறும்பு ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை.

அவள் ரிமோட்டின் குச்சியைக் கட்டைவிரலால் முழுதாக அழுத்தினாள்.

சிரிப்பு அடங்கியது. ரப்பர் தீய்கிற வாடை கிளம்பியது.

"விடுங்கம்மா, மோட்டார் போயிரும்!" என்று கத்தினார் செயலாளர்.

"போனாப் போகட்டும். என் மோட்டார்!"

சிவப்பு வண்டியின் சக்கரங்கள் வெறி பிடித்து முன்பக்கமாகச் சுற்றின. வண்டி மட்டும் வெள்ளைத் தரையில் இரண்டு கறுப்புக் கோடுகளை இழுத்தபடி, அங்குலம் அங்குலமாகப் பள்ளத்தை நோக்கிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.