விரல் நிற்காத பொத்தான்

நீதிமன்றத் தடை உத்தரவு வந்த புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, காதுக்கருவி செய்பவள் தன் புதுக் கருவியின் பொத்தானை அழுத்தினாள். விரல் புகைக்குள் போவதுபோல் பொத்தானுக்குள் போய்வந்தது. செய்து வைத்திருந்த நாற்பத்திரண்டு கருவிகளுக்கும் இதே கதிதான். பொத்தான் கண்ணுக்குத் தெரிந்தது, பளபளத்தது, அழுத்தத்தான் முடியவில்லை. உத்தரவைக் கொண்டுவந்த தபால்காரரும் ஒருமுறை விரலை விட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வழக்குப் போட்ட நிறுவனம் அதுவரை ஒரு திருகாணிகூடச் செய்ததில்லை. அடுத்தவர்களின் காப்புரிமைகளை வாங்கி அடுக்கிக்கொண்டு, யார் எதைச் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே அதன் தொழில். ஒரே அழுத்தில் இரைச்சலைக் குறைத்து எதிரில் இருப்பவர் பேச்சை மட்டும் காதுக்குத் தரும் முறை தங்களுடையது என்றது. அவள் அதைச் செய்தது கணவருக்காக. லேத் பட்டறையில் இருபது வருடம் நின்றதில் அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் ஆமா என்று தலையாட்டுவார். தெருவில் அவருக்கு ஆமாசாமி என்றே பெயர். பெயின்டர் ஏதோ கேட்கப்போய் வீடு முழுக்கக் கத்தரிப்பூ நிறமானதும் அப்படித்தான். சண்டைகூடப் போட முடியாத மனுஷனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு தனிமை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பொத்தானை எடுத்துவிட்டுத் தள்ளும் விசை வைத்தாள். எட்டாம் நாள் நோட்டீஸ் வந்தது, விசையும் கைக்குச் சிக்காமல் போனது. கைதட்டினால் இயங்கும்படி செய்தாள். அதற்கும் நோட்டீஸ், அதன் பிறகு அவள் பட்டறையில் யார் கைதட்டினாலும் சத்தமே வரவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் புதுவகை விளக்கு செய்துகொண்டிருந்தவர் இதையெல்லாம் பார்த்து, நமக்கெதுக்கு வம்பு என்று குடை விற்கப் போய்விட்டார். நாலாம் வருடம் அவள், புதுக் கருவிகளை வரைந்து பார்க்கும் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதையே நிறுத்தினாள்.

ஆறாம் வருட விசாரணையின்போது மின்விசிறி கடகடவென்று ஓடியது. வக்கீல் பேசுவது கேட்காமல் ஆமாசாமி உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்தார். மேலே பார்த்தால் நீதிபதியும் அதே மாதிரி. அடடா, இது இத்தனை நாள் கண்ணில் படாமல் போச்சே என்று அவள் எழுந்தே விட்டாள். மூன்று மாதத்தில், காதுக்குப் பின்னால் கை குவித்தால் இயங்கும் கருவி தயார். எட்டாம் நாள் நோட்டீஸும் தயார். இந்தமுறை நீதிபதி கையைக் காதிலிருந்து எடுக்காமலே, "காதுல கை வைக்கிறது உங்க கண்டுபிடிப்பா? அப்ப இத்தன வருஷமா நான் திருடிட்டா இருந்தேன்?" என்று கேட்டு நிறுவனத்தின் மனுவைத் தள்ளினார்.

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல, "டீ நல்லாருக்குங்களா?" என்று கேட்டாள். புதுக் கருவியை மாட்டியிருந்த அவர் காதுக்குப் பின்னால் கை குவித்தார்.

"இல்லம்மா. பல வருஷமாவே சர்க்கரை ஜாஸ்தி."

அவள் அழுதாள், சிரித்தாள். பிறகு இருவரும் சுவரின் நிறத்தைப் பற்றி ஆசைதீரச் சண்டை போட்டார்கள்.

பொத்தான் வழக்கு இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது. பழைய கருவிகள் நாற்பத்திரண்டும் அலமாரியில் இருக்கின்றன. ஞாயிறுதோறும் அவர்தான் துடைக்கிறார். பொத்தானில் தூசி நிற்பதில்லை, ஒரு வேலை மிச்சம் என்கிறார்.