மீன் வைக்காத இலை

மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றிருந்த வெள்ளை வேனில் ஏறப்போன திருவேங்கடம், படியில் கால் வைப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே விரிப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"அய்யா, செருப்போடவே ஏறுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தாள் வழிகாட்டிப் பெண். நிவேதா என்று எழுதிய அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. வேட்டி கட்டி, மஞ்சள் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கிழவர் தன் சுற்றுலாவுக்கு வருவார் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். மற்றவர்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த சின்ன வயதுக்காரர்கள். கேமராவும் தொப்பியுமாக இருந்தார்கள். ஜன்னலோரத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மட்டும் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். "நான் ரோஸ்மேரி. இங்கதான் மீஞ்சூரு. நர்ஸா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன்" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அரை நாள் பயணம். திருப்பாலைவனத்துப் பழைய கோயில், பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை, ஏரிப் பாலத்தைத் தாண்டி மீனவக் குப்பத்தில் ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு, கலங்கரை விளக்கம், பிறகு வீடு. திருவேங்கடத்துக்குக் கோயிலும் தேவையில்லை, கல்லறையும் தேவையில்லை. அந்தச் சாப்பாட்டு வீடுதான் வேண்டும். அது அவர் மகள் வளர்மதியின் வீடு.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் குப்பத்துப் பிராங்க்ளினோடு போய் மாதா கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். சேதி வந்த அன்று திருவேங்கடம் தம்பிகள் பார்க்க ஊர்க் குளத்தில் இறங்கி, செத்தவளுக்கு முழுகுவதுபோல மூன்று முறை தலை முழுகிவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் மனைவி தனக்கோடி சமைக்கவில்லை. மறுநாள் சமைத்தாள். அதன் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பெண்ணின் செல்போனில் யாரோ எடுத்த படம் ஒன்று வந்தது. குப்பத்து வீட்டில் வாழையிலை போட்டு ஊர்பேர் தெரியாதவர்களுக்கு ஒருத்தி சிரித்தபடி பரிமாறிக்கொண்டிருந்தாள். தனக்கோடி கருவேப்பிலை கேட்கிற சாக்கில் எதிர்வீட்டுக்குப் போய்ப்போய் அதைப் பார்த்துவிட்டு வந்ததை அவர் அறிவார். அறியாதவர்போல இருந்தார்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் தனக்கோடி வாயைத் திறந்தாள். "ஒரு தபா போயி அவ கையால ஒரு வாய் சாப்ட்டு வாங்களேன். எனக்காவ." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு நாளில் அவள் போய்விட்டாள். நாளை மறுநாள் காரியம். கொள்ளி வைத்தவர் காரியம் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காரியச் சாமானுக்காகப் போனால் குற்றமில்லை, மீஞ்சூருக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று தம்பி கண்ணப்பனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அவர்கள் பக்கத்தில் உறவை அறுத்துக்கொண்ட வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய்ச் சோறு இறங்கிவிட்டால் உறவு திரும்ப ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். காசு கட்டி, பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டால் அது கை நனைத்ததாகுமா? தம்பிகள் கேட்டால் ஆகாது என்று சொல்லலாம். தனக்கோடி கேட்டால் ஆகும் என்று சொல்லலாம். இரண்டு பேருக்கும் நடுவே நுழைய ஒரு சந்து கிடைத்துவிட்டதாக நினைத்துத்தான் அவர் வேனில் ஏறினார். போனதும் சேதியைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. 'அம்மா போயிட்டாம்மா' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். 'உங்கம்மா தவறிட்டா' என்று மாற்றிப் பார்த்தார். எதுவும் தன் வாயிலிருந்து வரும் என்று தோன்றவில்லை.

பொன்னேரியைத் தாண்டியதும் நிவேதா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். "ரெண்டு பக்கமும் பாருங்க, எவ்ளோ பச்சை! போட்டோ எடுக்கறவங்க எடுத்துக்கலாம், வண்டி மெதுவா போவும்."

திருவேங்கடம் சட்டென்று குனிந்து காலடியில் செருப்பைத் தேடினார். அது அவர் வயல். தனக்கோடி கடைசியாக நாற்று நட்ட வயல். வரப்பில் கண்ணப்பன் மண்வெட்டியோடு நின்று வேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்சீட்டு இளைஞன் ஒருவன் அவனுக்குக் கையாட்ட, கண்ணப்பனும் பதிலுக்குக் கையாட்டினான்.

"இன்னா பெரியவரே, முதுகு வலியா?" என்றாள் ரோஸ்மேரி.

"செருப்பு" என்றார் அவர். இரண்டு செருப்பும் காலில்தான் இருந்தன.

திருப்பாலைவனத்தில் எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி உள்ளே போனார்கள். சோழர் காலத்துக் கல், சுவர் முழுக்க எழுத்து என்று நிவேதா சொல்லிக்கொண்டு போகும் சத்தம் பிராகாரத்துக்குள் தேய்ந்தது. திருவேங்கடம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். தீட்டுக்காரன் உள்ளே போகலாகாது. நின்ற இடத்திலிருந்தே கைகூப்பினார். கண்ணுக்குத் தெரிந்த துண்டுக் கோபுரத்திடம், 'சொல்றதுக்கு ஒரு வார்த்த குடு சாமி' என்று கேட்டார். ரோஸ்மேரி முட்டி வலி என்று அவளும் வெளியிலேயே தங்கி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மூடிதான் இருந்தது. அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்து, அதே மூடியில் தானும் குடித்தாள்.

"தாடி விட்ருக்கீங்களே, வேண்டுதலா?"

திருவேங்கடத்தின் கை தானாகத் தாடைக்குப் போனது. வெள்ளை முள்ளாக வளர்ந்திருந்தது. அதை அவர் மறந்தே போயிருந்தார்.

"ஆமா" என்றார்.

"சாமி நடத்திக் குடுக்கும்" என்றாள் அவள், எந்தச் சாமி என்று கேட்காமல்.

டச்சுக் கல்லறையின் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்றன. இளைஞர்கள் அவற்றைப்போலவே நின்று படம் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே கல்மேல் கல்லாகப் பெயர்கள். கடல் தாண்டி வந்த ஏதோ ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காக வைத்த கல் என்று ஒன்றை நிவேதா காட்டினாள். திருவேங்கடம் அதன் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். எழுத்து புரியவில்லை. செத்த பிள்ளையின் பெயர் அழிந்துவிடக் கூடாதென்று எவனோ ஒருவன் ஆழமாக வெட்டி வைத்திருக்கிறான். உயிரோடு இருந்த பிள்ளையின் பெயரைத்தான் அவர் தன் வீட்டுக்குள் அழித்து வைத்திருந்தார்.

பாலத்தில் வேன் போகும்போது ஏரி இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. படகுகள் தள்ளித் தள்ளி நின்றன. குப்பத்துத் தெருவில் மணலும் சிமெண்டுமாக வீடுகள். சேதியை இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது.

நீலக் கதவு. வாசலில் ஒரு சிலுவைக் கோலம். "வாங்க சார், வாங்க மேடம், செருப்ப அப்டியே உட்டுட்டு வாங்க" என்று ஒவ்வொருவராக வரவேற்றுக்கொண்டிருந்தாள் வளர்மதி. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. தலையில் மல்லிகை. கடைசியாகத் திருவேங்கடம் வந்தார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. முகத்தைப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள். திருநீறு இல்லாத நெற்றியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சவரம் செய்துகொள்கிற மனிதர் அவர். அவருக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

"வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது. சோறு விழுந்தது. அப்போதுதான் அடுப்பங்கரையிலிருந்து மடவை மீன் குழம்பின் வாசனை வந்தது, பின்னாலேயே நண்டு வறுவல். திருவேங்கடம் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். காரியம் முடியும்வரை மீன் தொடக் கூடாது. சோறு, அவள் கை, ஒரு வாய் என்று இத்தனை தூரம் நினைத்துக்கொண்டு வந்தவர், மீனவர் வீட்டில் மீன் போடுவார்கள் என்பதை மட்டும் நினைக்கவில்லை. சாப்பிட்டால் தனக்கோடியின் தீட்டைக் காக்காதவராவார். சாப்பிடாமல் எழுந்தால் தனக்கோடியின் சொல்லைக் காக்காதவராவார். இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வளர்மதி குழம்புச் சட்டியோடு வரிசையில் வந்தாள். "சார், தலை வேணுமா, நடுத்துண்டு வேணுமா?" ரோஸ்மேரிக்கு வைத்தாள். அடுத்த இலை அவருடையது. கரண்டி நிற்கவில்லை. அவரைத் தாண்டி அந்தப் பக்கத்து இளைஞனின் இலைக்குப் போய்விட்டது.

சரிதான் என்று நினைத்துக்கொண்டார். எனக்குப் போட அவளுக்கு மனசு வருமா? நான் செய்ததற்கு இதுவே அதிகம்.

"ஏம்மா, பெரியவருக்கு மீன் வெக்காம போறியே" என்றாள் ரோஸ்மேரி.

"அவருக்கு வேற இருக்குது மேடம்" என்றாள் வளர்மதி, திரும்பிப் பார்க்காமல்.

வரிசை முடிந்ததும் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தலையில் மல்லிகை இல்லை. கையில் ஒரு கிண்ணம் மோரும், கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும். அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சோற்றில் குழி செய்து மோரை ஊற்றினாள். தீட்டு வீட்டுக்காரனுக்கு ஊற்றுகிற மாதிரி. குழி நிறைந்த பிறகும் கிண்ணத்தை நிமிர்த்தவில்லை; இலை ஓரமாக மோர் வழிந்து தரைக்கு ஓடியது. அவள் முந்தானையால் துடைத்தாள்.

"சாப்புடு நைனா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். எழுந்து, "சார், உங்களுக்கு நண்டு?" என்று அடுத்த இலைக்குப் போனாள்.

அவர் ஒரு வாய் பிசைந்து வாயில் போட்டார். அது இறங்கியது. ரோஸ்மேரி ஓரக்கண்ணால் அவர் தாடியைப் பார்த்தாள், மோர்ச் சோற்றைப் பார்த்தாள். தன் இலையிலிருந்த மீனை ஓசையில்லாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, அவளும் வெறுஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள்.

கொல்லைப்புறத்தில் கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றியவன் பிராங்க்ளின். இதுவரை அவன் முகத்தை அவர் நேராகப் பார்த்ததில்லை. வெயிலில் கருத்த, சாதுவான முகம். "இப்டி வாங்க பெரியவரே" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னவன், செம்பைச் சாய்க்கும்போது குரலைத் தாழ்த்தி, "கல்லு வழுக்கும் மாமா, பாத்து" என்றான்.

மற்றவர்கள் வேனுக்கு நடக்க, வளர்மதி கதவோரத்தில் நின்றாள்.

"எப்போ?"

"போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம. விடியக்காலைல."

"அன்னிக்கும் இங்க கூட்டந்தான். சிரிச்சினே பரிமாறினு இருந்தேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வாய்க்கரிசி போடக்கூட என்னக் கூப்புடணும்னு தோணல இல்ல?"

அவர் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்னக் கேட்டுச்சா?"

"உன்னத்தான் கேட்டா. உன் கையால சாப்ட்டு வரச் சொன்னா."

"அதுக்குத்தான் வந்தியா? காசு கட்டினு?"

அதில் ஏளனம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

"காரியம் என்னிக்கி?"

"நாளன்னிக்கி."

"வான்னு ஒரு வார்த்த சொல்லு நைனா. இவரக்கூட இட்டுனு வரல. நான் மட்டும் ஓரமா நின்னுட்டு வந்துர்றேன்."

திருவேங்கடம் வாயைத் திறந்தார். வரப்பில் நின்று கையாட்டிய கண்ணப்பனின் முகம் எங்கிருந்தோ வந்து முன்னால் நின்றது. ஆறு வருடத்துக்கு முந்திய குளத்துத் தண்ணீர் இன்னும் காதில் அடைத்திருப்பதுபோல இருந்தது. வேன் ஹாரன் அடித்தது. "அய்யா, லைட் ஹவுஸ் போய்ட்டு திரும்பணும், நேரமாவுது" என்று நிவேதா வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடி அப்போது அவருக்கு வசதியாக இருந்தது. அதுதான் அவரை உள்ளே அறுத்தது.

கலங்கரை விளக்கத்தில் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். அவர் இறங்கவில்லை. ரோஸ்மேரியும் இறங்கவில்லை.

"சம்சாரமா?" என்று கேட்டாள் அவள்.

அவர் தலையாட்டினார். அவள் அவர் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். அவருடைய கடவுளும் அவளுடைய கடவுளும் அந்த வேனுக்குள் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்ததுபோல இருந்தது. மூடிய கண்ணோடு அவள், "பையில இன்னா?" என்றாள்.

திருவேங்கடம் திடுக்கிட்டுப் பையைப் பார்த்தார். தனக்கோடியின் புடவை. மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்டது. சுமங்கலியாகப் போனவளின் சேலை, மகளுக்குச் சேர வேண்டியது. வார்த்தையைத் தேடிக்கொண்டே இருந்ததில் இதைக் கொடுக்க மறந்துவிட்டார்.

வேன் திரும்பிக் குப்பத்துத் தெருவுக்குள் வந்தது. அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வண்டிய நிறுத்தும்மா."

"அய்யா, இங்க ஸ்டாப் இல்ல."

"நிறுத்த சொல்லுடி பொண்ணே" என்றாள் ரோஸ்மேரி.

நீலக் கதவைத் தாண்டி, தெருமுனைக் கைப்பம்பின் அருகே வண்டி நின்றது. திருவேங்கடம் செருப்பை மறந்து இறங்கினார்.

பம்பின் கீழே சிமெண்டுத் தரையில், கட்டிய புடவையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் வளர்மதி. தலைமுடி அவிழ்ந்து முகத்தை மூடியிருந்தது. பிராங்க்ளின் பம்பை அடித்துக் குடத்தை நிரப்பி அவள் தலையில் ஊற்றினான். தண்ணீர் தோள் வழியாக இறங்கி மணலுக்குள் ஓடியது. அவள் அழுகிற சத்தம் தண்ணீருக்குள் கேட்டும் கேட்காமலும் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றார்கள்.

பிராங்க்ளின்தான் முதலில் அவரைப் பார்த்தான். குனிந்து பம்பை அடித்தான். அடுத்த குடம் நிரம்பத் தொடங்கியது.

திருவேங்கடம் சுடுமணலில் வெறுங்காலோடு நின்று பையிலிருந்து புடவையை எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். ஈரம் துவட்டக் காத்திருப்பவர்போல இரண்டு கைகளிலும் அதை விரித்துப் பிடித்தார். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் அது அவர் முகத்தில் அடித்து அடித்து விலகியது. வளர்மதி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.