செருப்பு தேடும் நேரம்

ஜெராக்ஸ் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கோயில். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள், நடிக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சுவரில் ஒரு ஒட்டுமீசை ஒட்டியிருந்தது. வேண்டுதலா, யாராவது கையைத் துடைத்துவிட்டுப் போனதா, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மேடையேறும் நாளில் இங்கே வந்து நாடகத்தின் முதல் வசனத்தைப் பேசிவிட்டுப் போவார்கள். வரம் கிரம் எல்லாம் கேட்பதில்லை.

அவள் எப்போதும் கணவனோடுதான் வருவாள். மேடையில் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த ஜோடி. அவன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் இன்னும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. இன்றைக்கு அதே நாடகம், அவன் வேடத்தில் கொழுந்தன். இத்தனை வருஷம் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன் என்பதால் எல்லார் பங்கும் அவனுக்கு மனப்பாடம். அவளால் முடியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆரம்பிக்கலாமா அண்ணி?"

"ம்."

அண்ணியை அப்படிக் கூப்பிட நாக்கு கூச, அவன் சாமியைப் பார்த்துச் சொன்னான். "அடியே, என் செருப்பு எங்க?"

அவள் வாய் திறக்கவில்லை. கொழுந்தன் கொஞ்சம் பொறுத்தான். பிறகு பழக்கதோஷத்தில் தலையைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி எடுத்துக் கொடுத்தான்.

"உங்க காலைப் பாருங்க."

வசனம் மறந்து அவள் ஒரு நாளும் நின்றதில்லை. அவன் எடுத்துக் கொடுத்ததற்குக் கோபம்கூட வரவில்லை.

"மறக்கல தம்பி. உங்க அண்ணன் கேட்டுட்டு கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னால எல்லாம் தேடுவாரு. தேடி முடிக்கட்டும்னு நின்னேன்."

"நானும் தேடறேன் அண்ணி," என்று குனியப் போனான்.

"வேண்டாம். நீ கேட்டதும் சொல்லிடறேன். இன்னொரு தடவை கேளு."

கேட்டான். அவன் வாய் மூடுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். கொழுந்தன் தன்னையறியாமல் வெறுங்காலைக் குனிந்து பார்க்க, ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற ஆள் வாய்விட்டுச் சிரித்தார்.

"சரியா வருது அண்ணி."

"வருது," என்றாள் அவள். கணவன் தேடாமலேயே அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் செத்துப்போனது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.