சேதுப் பூ

ராமேஸ்வரம் போனவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். மயிலாப்பூர்க்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் என் டூரில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பவளப்பாறைத் துண்டைக் கொடுத்தேன். ‘சேதுப் பூ’ என்று பெயர் வைத்தேன். கொலுவில் வைத்தால் விசேஷம் என்று சாஸ்திரமும் நானே எழுதினேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று இந்த ஸ்ரீரங்கன் சொன்னால் நம்ப ஆள் இருந்தது.

பஸ், சத்திரம், இட்லி எல்லாம் எந்த டூர்க்காரனும் கொடுப்பான். என்னிடம் மட்டும், ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபத்தில் பீர் முஹம்மதுவின் படகு இருந்தது. அடியில் கண்ணாடி பதித்த படகு. கீழே மஞ்சளும் ஊதாவுமாகப் பாறை பூத்திருக்கும். மீன்கள் அதில் புகுந்து புறப்படும். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் ஜனங்கள் என்னிடம் வந்தார்கள், எட்டு வருஷம் என் வீட்டில் உலை கொதித்தது. பார்த்து முடித்ததும் பீர் முஹம்மது முங்கி, தலைக்கு ஒன்று உடைத்து வருவார்.

முதல் துண்டு என் வீட்டுக்குத்தான் வந்தது. மூன்று நாள் வீடே நாறியது. என் மனைவி சூடாமணி மூக்கைப் பொத்திக்கொண்டு, சோடா உப்புப் போட்டு அதை வேகவைத்தாள். வெள்ளை வெளேரென்று ஆயிற்று. நாறியது என்றால் அதில் உயிர் இருந்தது என்று அர்த்தம். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

1998 நவராத்திரி முதல் நாள் பீர் முஹம்மது ஆபீசுக்குப் போன் செய்தார். தீபாவளி லீவு டூருக்கு நாற்பது பேர் பதிந்திருந்த சமயம்.

“சாமி, ஆளுகளக் கூட்டிட்டு வராதீக. கோடையில கடலு சுட்டுச்சுல்ல, பாறை அம்புட்டும் வெளுத்துப் போச்சு.”

“திரும்ப வராதா?”

“மத்த எடத்துல அங்கங்க நெறம் திரும்புது. நாம ஒடச்ச எடத்துல திரும்புறதுக்கு என்ன இருக்கு?”

அன்று சாயங்காலம் சூடாமணியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கொலு பார்க்கப் போனேன். வடக்கு மாட வீதியில் முதல் வீட்டிலேயே, தசாவதாரத்துக்குப் பக்கத்தில் சேதுப் பூ. அடுத்த வீட்டில் இரண்டு. சித்திரக்குளம் பக்கம் ஒரு வீட்டில் அதையே மலையாக நட்டு, உச்சியில் முருகனை நிறுத்தியிருந்தார்கள். மல்லிகை, சாம்பிராணி, சுண்டல் எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பழைய நாற்றம் வந்தது.

“உனக்கு அடிக்கறதா?” என்றேன்.

“எது, பெருங்காயமா?” என்றாள் சூடாமணி.

கடலடியில் காணாமல் போனது வீடு வீடாகப் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியாக அபயாம்பாள் டீச்சர் வீடு. டூருக்கு ஆறு பேராகப் பதிந்திருந்தவர். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“பூ பார்க்க முடியாதா? அப்போ உங்களோட எதுக்கு மாமா வரணும்? தரிசனத்துக்கு ரயில் இருக்கே, நாங்களே போயிட்டு வந்துடுவோம்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் பிழைப்பு கடலுக்கடியில்தான் இருந்தது. அதைத்தான் தலைக்கு ஒன்றாக இனாம் கொடுத்துத் தீர்த்திருந்தேன். சுண்டல் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசல்வரை வந்தவர், “அந்தக் கல்லாவது இருந்தா ஒண்ணு கொடுங்கோ. எங்காத்துக் கொலுவுல மட்டும்தான் இல்லை” என்றார்.

மற்றவர்களுக்கும் போன் செய்தேன். பரவாயில்லை, வருகிறோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி எடுத்துவிட்டு, வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கச் சொன்னாள் சூடாமணி. நான் சேதுப் பூவை எடுத்துப் படியில் சாய்த்தேன்.

“கல்லைப் போய் யாராவது படுக்க வைப்பாளா? மரப்பாச்சியை வையுங்கோ.”

“மரப்பாச்சி அடுத்த வருஷம் எழுந்துக்கும். இது கல் இல்லை சூடா. நாம வேகவைச்சோமே, அன்னிக்கு இதுல உயிர் இருந்தது.”

அவள் இரண்டு கைகளையும் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“இப்போ எனக்கும் அடிக்கறது” என்றாள்.