பக்கத்துக்குப் பக்கம் அம்மா கையெழுத்து

திருமலைசாமிக்கு மோட்டார் பம்பு தலைகீழ் பாடம். கம்பெனியை மனைவி பேரில் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. வரிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கணபதி வட்டாரத்தில் இருந்த பட்டறையை ‘நாச்சியம்மாள் பம்ப்ஸ்’ என்று பதிந்துவிட்டார். அந்த அம்மாள்தான் ஓனர், இவர் சும்மா.

தொண்ணூற்றொன்பதில் வம்பு வந்தது. துபாய்க்காரர் ஒருவர் பம்புக்கு நீல பெயிண்ட் அடிக்கச் சொல்லி மெயில் போட்டுவிட்டு, சரக்கு போய் இறங்கியதும் ‘பச்சைதானே கேட்டேன்’ என்று சாதித்தார். நாக்கில் நரம்பே இல்லாத மனுஷன்! விவகாரம் நடுவர் முன்னால் போயிற்று.

“மெயிலெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?” என்றார் வக்கீல் சென்னகேசவன்.

“ஒண்ணு விடாம இருக்குதுங்க சார்” என்றாள் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தாஜுன்னிசா. வந்தது போனது அத்தனைக்கும் நம்பர் போட்டு பிளாப்பியில் ஏற்றி வைத்திருந்தாள். நம்பர் பட்டியலைப் போன வாரமே வக்கீலுக்குக் கொடுத்தும் இருந்தாள்.

“பட்டியல் எதிர்த்தரப்புக்குப் போயாச்சுங்க. இனி ஒண்ணு கொறைஞ்சாலும் நாமதான் அழிச்சுப்போட்டோம்னு குதிப்பாங்க. மொத்தத்தையும் பிரிண்ட் எடுங்க. பக்கத்துக்குப் பக்கம் ஓனர் கையெழுத்து வேணும்.”

“அதுக்கென்னங்க, போட்டுர்லாம்.” திருமலைசாமி பேனாவை எடுத்தார்.

“நீங்க இல்லீங்க. அம்மா போடணும்.”

அப்போதுதான் நாற்பத்திரண்டாம் மெயில் ஞாபகம் வந்தது. அது துபாய்க்குப் போனதல்ல, அமெரிக்காவில் முழுகாமல் இருக்கும் மகள் நந்திதாவுக்குப் போனது.

“அந்த ஒண்ணை மட்டும் எடுத்துர்லாமா கண்ணு?” என்று தாஜுன்னிசாவிடம் கெஞ்சிப் பார்த்தார்.

“நம்பர் போயிருச்சுங்களே சார்.”

பிரிண்ட் எடுத்த தாள்கட்டை வீட்டில் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தார். “எல்லாம் பம்பு சமாச்சாரம் அம்மணி. மளமளன்னு போட்டுக் குடு.”

“எம்பேர்ல இருக்கற கம்பெனி. படிக்காம போடறதுக்கு நான் என்ன ரப்பர் ஸ்டாம்புங்களா?” நாச்சியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

துபாய்க்காரரின் நீலத்தைப் படித்து, “அடப்பாவி, எழுதியே குடுத்திருக்கானே!” என்று சிரித்தாள். கையெழுத்து விழுந்துகொண்டே வந்தது. திருமலைசாமி பிரிட்ஜ் பக்கத்தில் நின்று தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். பேனா நின்றது.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்ததால் எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தாள். “‘அம்மா அங்க வந்துட்டா இந்த ஊட்டுல நான் எப்படி இருக்கறது கண்ணு? அவ இல்லைன்னா எனக்குச் சோறு எறங்காது. விசா கெடைக்காதாம்னு அவகிட்ட சொல்லிப்போட்டேன். நீயும் அப்படியே சொல்லிப்போடு.’”

பேறுகாலத்துக்கு என்று அவள் அரைத்து வைத்த பருப்புப்பொடி அலமாரியில் டப்பா டப்பாவாக உட்கார்ந்திருந்தது. விசா இல்லை என்றதும் இரண்டு நாள் அழுதவள். திருமலைசாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“தப்புதான் அம்மணி.”

“ஏனுங்க, இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையப் புடிச்சுக் கூட்டிட்டே போயிருப்பேனே. எனக்குச் சொல்லாம துபாய்க்காரனுக்கும் நடுவருக்கும் சொல்லப் போறீங்களாக்கும்?” மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி அத்தனையிலும் கையெழுத்துப் போட்டு முடித்தாள்.

“அது ஒண்ணு பாக்கி இருக்குதே?”

“விசாவும் டிக்கெட்டும் வரட்டும். போட்டுத்தாரேன்.”

அவர் மெல்லக் கேட்டார். “டிக்கெட்டு ரெண்டா அம்மணி?”

“ஒண்ணு. சோறு எறங்குச்சா இல்லையான்னு தெனம் எனக்கு மெயில் போடுங்க. தாஜுன்னிசா நம்பர் போட்டு வெக்கட்டும்.”